பாப்பரசர் கிழித்த பத்துத் தாள்

திண்டுக்கல்லில் ரோமாபுரிப் பாப்பரசரின் ஆணையை மீறி நடக்கும் கடை ஒன்றுகூடக் கிடையாது. பேகம்பூர் கறிக்கடையும் கட்டுப்பட்டதுதான். பூட்டுப் பட்டறையும், புகையிலைக் கிட்டங்கியும், மலைக்கோட்டை அடிவாரத்து டீக்கடையும் அப்படியே. கல்லாவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் தினசரி காலண்டரைத்தான் சொல்கிறேன். ராகுகாலம், எமகண்டம், குளிகை, சந்திராஷ்டமம், தமிழ்த் தேதி, ஹிஜ்ரி தேதி எல்லாம் அந்தத் தாளின் ஓரங்களில் பொடி எழுத்தில் ஒதுங்கியிருக்கின்றன. நடுவில் கட்டை எழுத்தில் நிற்கும் எண், பதின்மூன்றாம் கிரகோரி என்ற பாப்பரசர் 1582 பிப்ரவரி 24-ஆம் தேதியிட்ட ஆணையில் வகுத்த கணக்கு.

பாப்பரசர்கள் இதைவிடப் பெரிய ஆணைகளையெல்லாம் போட்டிருக்கிறார்கள். 1077-ல் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி, மன்னிப்புக் கேட்டு இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் மூன்று நாள் பனியில் நின்றார். உள்ளே இருந்தவர் ஏழாம் கிரகோரி. 1493-ல் ஆறாம் அலெக்சாந்தர், கடலில் ஒரு கோடு கிழித்து அதற்கு மேற்கே புதிதாகக் கண்டுபிடிக்கும் நிலமெல்லாம் ஸ்பெயினுக்கு என்று எழுதிக் கொடுத்தார். அந்த அதிகாரமெல்லாம் இன்று வரலாற்றுப் பாடம். தேதி ஒன்றுதான் இன்னும் அமலில் இருக்கிறது. அதுவும் பாப்பரசர் யாரென்றே கேட்காதவர்களிடமும்.

ஒரு மதத்தலைவர் தேதியில் ஏன் கை வைத்தார்? ஈஸ்டர்தான் காரணம். 325-ல் கூடிய நிசேயா சங்கத்துக்குப் பின் திருச்சபையில் நிலைத்த கணக்கு இது: வசந்த சமநாளுக்கு, அதாவது பகலும் இரவும் சமமாக வரும் மார்ச் 21-க்கு, பின்வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அப்போது புழக்கத்திலிருந்தது ஜூலியஸ் சீசரின் காலண்டர். அதன்படி ஆண்டுக்கு 365¼ நாள். உண்மையான ஆண்டைவிட இது ஏறத்தாழ 11 நிமிடம் கூடுதல். பதினொரு நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று விட்டுவிட்டார்கள். 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிசகு சேர்ந்து, 16-ஆம் நூற்றாண்டில் வானத்தில் சமநாள் மார்ச் 11-க்கே வந்துவிட்டது. காலண்டரில் மட்டும் மார்ச் 21.

யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. ரோஜர் பேக்கன் என்ற ஆங்கிலேயத் துறவி 1267-லேயே பாப்பரசருக்கு இதைப் புகாராக எழுதி அனுப்பினார். 1514 வாக்கில் லாத்தரன் சங்கம் வானியல் அறிஞர்களிடம் ஆலோசனை கேட்டது. அழைக்கப்பட்டவர்களில் போலந்துக்காரர் கோப்பர்நிக்கஸும் ஒருவர். அதே கோப்பர்நிக்கஸ் 1543-ல் தம் நூலை மூன்றாம் பவுல் என்ற பாப்பரசருக்கே காணிக்கையாக்கினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற அந்த நூலை 1616-ல் ரோம் தடை செய்தது. ஆனால் அவர் கணக்கை அடியொற்றி வகுத்த கோள் அட்டவணைகள் அதற்கு முன்பே காலண்டர் திருத்தத்தில் உதவிவிட்டன. ஆளைத் தள்ளிவைத்தாலும் கணக்கைத் தள்ளிவைக்க முடியவில்லை.

புதிரை அவிழ்த்தவர் பாதிரியார் அல்ல. தென் இத்தாலியின் கலாப்ரியாவில் சீரோ என்ற சிற்றூரில் பிறந்த மருத்துவர் அலோசியஸ் லிலியஸ். நூற்றாண்டு முடிவுகளில் நானூறால் வகுபடாதவற்றுக்கு பிப்ரவரி 29 கிடையாது என்பது அவர் வகுத்த வழி. 1700, 1800, 1900 லீப் ஆண்டுகள் இல்லை, 2000 உண்டு. இத்தனை எளிய விதியை யோசித்த மனிதர் அது சட்டமாவதைப் பார்க்கவில்லை. 1576-லேயே காலமாகிவிட்டார். கையெழுத்துப் படியை ரோமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவருடைய அண்ணன் தம்பிமாரில் ஒருவரான அந்தோனியோ.

அதைப் பரிசீலித்த குழுவில் கிளாவியுஸ் என்ற ஜெர்மன் இயேசு சபைக் கணித மேதை இருந்தார். மத்தேயு ரிச்சி என்று ஒரு மாணவர் அவருக்கு. கோவாவில் சில ஆண்டுகள் இருந்து, பிறகு சீனம் போய் வானியலைக் காட்டியே அந்நாட்டு அறிஞர்களிடம் இடம் பிடித்தவர். குழுவில் நாம் எதிர்பாராத இன்னொருவர், அந்தியோக்கியாவின் சுரியானிப் பிதாப்பிதா நிமத்துல்லா. இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் பக்கமிருந்து உயிருக்குத் தப்பி ரோமுக்கு வந்தவர், அரபு வானியலும் கணிதமும் அறிந்தவர். ‘மேலைநாட்டுக் காலண்டர்’ என்று நாம் சொல்வதன் கீழே மேற்காசியர் ஒருவரின் ஒப்பமும் இருக்கிறது.

இனி வியாபாரம். ஏப்ரல் 1582-ல் பாப்பரசர், புதுக் காலண்டரை அச்சிட்டு விற்கும் தனியுரிமையை அந்தோனியோ லிலியோவுக்கே பத்தாண்டுக்கு எழுதிக் கொடுத்தார். ஐரோப்பா முழுவதும் பிரதி கேட்கிறது. அந்தோனியோவால் அடித்துக் கொடுத்து மாளவில்லை. காலண்டர் அமலாக வேண்டிய அக்டோபரோ நெருங்குகிறது. செப்டம்பரில் உரிமை பறிபோனது. அப்புறம் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். டிசம்பரில் காலண்டர் ஆர்டர் எடுத்துவிட்டுத் திணறும் எந்த அச்சகத்தாருக்கும் அந்தோனியோவின் மீது பரிவு பிறக்கும்.

1582 அக்டோபர் 4 வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, தேதி மட்டும் அக்டோபர் 15. கிழமை வரிசை கெடவில்லை, பத்துத் தாள் மட்டும் மொத்தமாகக் கிழிந்தது. ஸ்பெயினில் அவிலா நகரத் தெரேசா என்ற துறவி அந்த இரவில்தான் இறந்தார். நான்காம் தேதி இரவு காலமானவரை மறுநாள் பதினைந்தாம் தேதி அடக்கம் செய்தார்கள். அவர் திருநாள் இன்றும் அக்டோபர் 15.

ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து, இத்தாலிய நாடுகளின் பெரும்பகுதி உடனே ஏற்றன. பிரான்ஸ் அவ்வாண்டு டிசம்பரில் வந்து சேர்ந்தது. சீர்திருத்தத் திருச்சபையினரோ, தேதி என்ற பெயரில் ரோம் நம் வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறது என்று கதவைச் சாத்தினார்கள். இங்கிலாந்தில் எலிசபெத் ராணியின் ஆலோசகர் ஜான் டீ கணக்கைச் சரிபார்த்து, ஏற்கலாம் என்றார். பிஷப்புகள் ஒப்பவில்லை. அடுத்த 170 ஆண்டு இங்கிலாந்து தவறென்று தெரிந்த தேதியையே பிடிவாதமாகப் போட்டுக்கொண்டிருந்தது.

கோவாவுக்குச் செய்தி கப்பலில் வந்து சேர 1583 ஆகிவிட்டது. தமிழ் அச்சின் தொடக்கம் சரியாக இந்த இடைவெட்டில் விழுகிறது. தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் 1578 அக்டோபர் 20-ல் வெளிவந்தது. அது சீசரின் தேதி. அதை வெளியிட்ட போர்ச்சுகீசிய இயேசு சபைத் துறவி அண்ட்ரிக் அடிகளார் 1586-ல் கொண்டுவந்த ‘அடியார் வரலாறு’, புனிதர்களைத் திருநாள் முறையில் சொல்லும் நூல், புதுக் காலண்டருக்குப் பிந்தியது.

வடக்கே அப்போது அக்பரின் அரசவை. கோவாவிலிருந்து போன இயேசு சபைத் துறவிகள் 1580 முதல் அங்கே வாதம் செய்துகொண்டிருந்தார்கள். 1584-ல் அக்பரும் ‘இலாஹி’ என்று புதுச் சூரியக் காலண்டர் ஒன்றை அறிவித்தார். வகுத்தவர் பதஹுல்லா ஷிராஸி. ஒன்றைப் பார்த்து ஒன்று வந்தது என்று சொல்ல ஆதாரமில்லை. ஆட்சியைக் கையில் எடுத்தவர்கள் அடுத்து ஆண்டையும் கையில் எடுக்க ஆசைப்பட்ட காலம் அது என்று வைத்துக்கொள்ளலாம்.

திண்டுக்கல் மலைக்கோட்டையை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் எழுப்பத் தொடங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அடுத்த ஆண்டே மதுரைக்கு வந்து இறங்கினார் ராபர்ட் தெ நோபிலி. மூன்றாம் ஜூலியஸ் என்ற பாப்பரசரின் குடும்பக் கிளையில் வந்தவர். 1577-ல் இத்தாலியில் பிறந்தவர். காலண்டரில் பத்து நாள் காணாமல் போனபோது அவருக்கு வயது ஐந்து. காவி கட்டி, தத்துவ போதகர் என்று பெயர் கொண்டு அவர் மதுரையில் நடத்திய வாழ்க்கை ஐரோப்பாவில் பெரும் வழக்காகி, 1623-ல் பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதும் வரை போனது. அந்தச் சச்சரவின் நடுவே, அறுபது வருஷச் சுற்றில் காலம் எண்ணிக்கொண்டிருந்த மதுரைச் சீமைக்குள் ஈஸ்டரும் தவக்காலமும் புதுக் கணக்கில் சந்தடியில்லாமல் நுழைந்துவிட்டன.

சோழமண்டலக் கரையில் அப்போது நடந்தது வேடிக்கையிலும் வேடிக்கை. சாந்தோமில் போர்ச்சுகீசியர், பாப்பரசர் தேதி. வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் செயிண்ட் ஜார்ஜ் கோட்டை, ஆங்கிலேயரின் பழைய தேதி. சாந்தோமில் கிறிஸ்துமஸ் முடிந்து பத்து நாள் கழித்துக் கோட்டையில் கிறிஸ்துமஸ். போதாக்குறைக்குக் கோட்டைக்குள்ளேயே 1642 முதல் எப்ரேம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி கத்தோலிக்கர்களுக்கு ஆலயம் நடத்தினார். ஒரே மதிலுக்குள் இரண்டு திருநாள் வரிசை. ஆங்கிலேயருக்குப் புத்தாண்டும் மார்ச் 25-ல்தான். புதுச்சேரிக்காரர் 1690 ஜனவரி என்று எழுதும் நாளைச் சென்னைக் கோட்டைக்காரர் 1689 என்று எழுதினார். பழவேற்காட்டு டச்சுக்காரர்கள் சீர்திருத்தச் சபையினரே ஆனாலும், ஹாலந்து மாகாணம் தொடக்கத்திலேயே புதுத் தேதிக்கு மாறிவிட்டதால் இந்த வம்பில் சிக்கவில்லை. தரங்கம்பாடி டேனியர்கள் 1700-ல் மாறினார்கள். ஆறு ஆண்டு கழித்து அங்கே வந்த லூத்தரன் போதகர் சீகன்பால்குக்குத் தேதிச் சிக்கல் மிச்சம் வைக்கப்படவில்லை.

அந்த 1700-ஐ ஆங்கிலேயர் மட்டும் லீப் ஆண்டாகக் கொண்டதால் வித்தியாசம் பதினொரு நாளானது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். தோற்றவர் ஏட்டில் அது செப்டம்பர் 10. வென்றவர் ஏட்டில் செப்டம்பர் 21. புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் தமிழ்த் தேதியையும் பிரெஞ்சுக்காரர் தேதியையும் சேர்த்தே எழுதினார். இரண்டு உலகத்தோடும் வியாபாரம் செய்கிறவருக்கு ஒற்றைத் தேதி போதாது.

கடைசியில் 1752-ல் இங்கிலாந்து இறங்கி வந்தது. செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ஆசியாவிலுள்ள உடைமைகளுக்கும் பொருந்தும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். பாப்பரசர் பெயரை எழுதவில்லை. பதினொரு நாளைத் திருப்பிக் கொடு என்று லண்டனில் கலகம் நடந்ததாக ஒரு கதை உண்டு. ஹோகார்த் என்ற ஓவியரின் தேர்தல் படமொன்றில் வரும் வாசகத்திலிருந்து கிளம்பிய கதை என்றுதான் இன்றைய வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

திண்டுக்கல் இந்த ஆட்டத்தில் இன்னொரு சுற்றும் சுற்றியது. 1755-ல் ஹைதர் அலி மைசூரின் பௌஜ்தாராக இங்கே வந்தார். அவர் ஏறிய படிகளில் திண்டுக்கல் முக்கியமான படி. அவர் மகன் திப்பு, ஆட்சிக்கு வந்தபின் தமக்கென்றே ஒரு காலண்டர் செய்தார். நபிகள் நாயகத்தின் பிறப்பிலிருந்து ஆண்டு எண்ணும் ‘மௌலூதி’. எண்ணிக்கை புதிது, உள்ளே இருந்ததோ சந்திர மாதமும், இடையிடையே சேர்க்கும் அதிக மாதமும், நம் பிரபவ விபவ போலவே பெயரிட்ட அறுபது வருஷச் சுற்றும். பழைய பஞ்சாங்கத்துக்குப் புதுச் சட்டை. நாணயங்களில் ஆண்டு 1200-லிருந்து ஒரே தாவலில் 1215 ஆனது. 1790-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மலைக்கோட்டையைப் பிடிக்கும் வரை திண்டுக்கல் அரசு ஏடுகள் இந்தக் காலண்டரின் ஆளுகையில் இருந்தன.

1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திண்டுக்கல் சீமை கம்பெனிக்கு வந்தது. கூடவே கம்பெனிக் கடிதத்தின் தலையில் போடும் தேதியும் வந்தது. ரோமின் கணக்கைத் திண்டுக்கல் கச்சேரியில் அமர்த்தியவர்கள், ரோமை ஏற்காத ஆங்கிலேயக் குமாஸ்தாக்கள். போதகர்கள் இரு நூற்றாண்டாகக் கொஞ்சம் கிராமங்களில் பரப்பியதைப் பேரேடும் முத்திரைத்தாளும் சில பத்தாண்டுகளில் ஊர் முழுக்கப் பரப்பின. இதில் பாப்பரசருக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆணை நிறைவேறினால் போதாதா?

ஒரு துறை மட்டும் இன்றுவரை முழுதாக வசப்படவில்லை. வருவாய்த் துறை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஜமாபந்தி நடக்கும்போது எந்த ஆண்டுக் கணக்கு என்று கேளுங்கள், பசலி 1433 என்பது போலத்தான் பதில் வரும். 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையான ஆண்டு அது. அக்பர் காலத்து அறுவடைக் கணக்கு, வி.ஏ.ஓ.வின் அடங்கல் பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது. ஆனால் அதற்குள்ளும் பாப்பரசர் புகுந்துவிட்டார். சென்னை மாகாணத்தில் பசலி முதலில் ஆடி முதல் தேதியை ஒட்டி, ஜூலை 12 வாக்கில் தொடங்கியது. அது வசதிப்படவில்லை என்று 1855-ல் ஜூலை 1-க்கு நகர்த்திவிட்டார்கள்.

ஆடி முதல் தேதி அன்று ஜூலை 12, இன்று ஜூலை 17. ஏன்? தமிழ் ஆண்டு சூரியனை நட்சத்திரங்களை வைத்து அளக்கிறது; கிரகோரியன் ஆண்டு பருவங்களை வைத்து அளக்கிறது. இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம் அறுபது எழுபது ஆண்டுக்கு ஒரு நாளாகிவிடும். விவேகானந்தர் மகர சங்கராந்தியன்று பிறந்தார். தேதி 1863 ஜனவரி 12. இன்று அந்தப் பண்டிகை நமக்கு ஜனவரி 14 அல்லது 15.

நம் கணக்கு மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. 1825-ல் ஜான் வாரன் என்ற வானியலாளர் சென்னையில் ‘காலசங்கலித’ என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கக்காரர் ஒருவர், மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டு, தரையில் சோழிகளைப் பரப்பியே அவ்வாண்டு சந்திர கிரகணத்தைக் கணித்ததை அவர் பதிவு செய்தார். தொடக்கம் சில நிமிடங்களே பிசகியது. பிறகு லூயிஸ் டொமினிக் சாமிக்கண்ணுப் பிள்ளை என்ற தமிழ்க் கிறிஸ்தவ அறிஞர் 700 முதல் 1799 வரையான இந்தியத் தேதிகளுக்கெல்லாம் ஆங்கிலத் தேதி கண்டு தொகுதி தொகுதியாக அச்சிட்டார். இன்று ஒரு கல்வெட்டு இன்ன நாளில் வெட்டப்பட்டது என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறதென்றால் அந்த உழைப்புக்குப் பங்குண்டு.

பஞ்சம்பட்டி, வெள்ளோடு, மாரம்பாடி, சிலுக்குவார்பட்டி போன்ற ஊர்களில் இந்தக் காலண்டரின் முதல் நோக்கமான ஈஸ்டரைப் பார்க்கலாம். சாம்பல் புதனில் தொடங்கும் நாற்பது நாள் நோன்பு, மேற்கே பழனிக்குப் பங்குனி உத்திரக் காவடி போகும் அதே பருவத்தில்தான் வருகிறது. இது தற்செயல் அல்ல. இரண்டும் வசந்தத்துப் பௌர்ணமியைத் தேடுகின்றன. 2024-ல் பங்குனி உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. ஆனால் 2019-ல் உத்திரம் மார்ச் 21. ஈஸ்டரோ ஒரு மாதம் தள்ளி ஏப்ரல் 21. வானத்தில் நிலா நிறைந்திருந்தும் திருச்சபையின் அட்டவணையில் அந்தப் பௌர்ணமி சமநாளுக்கு ஒரு நாள் முந்திவிட்டது. அட்டவணைதான் வென்றது. பஞ்சாங்கச் சண்டைகளில் பழகிய நமக்கு, வாக்கியமா திருக்கணிதமா என்ற அதே வழக்குதான் இது. திண்டுக்கல் மறைமாவட்டமே 2003 நவம்பர் 10-ல் இரண்டாம் யோவான் பவுல் போட்ட ஆணையால் பிறந்தது. அந்த ஆணையின் தேதியும் பதின்மூன்றாம் கிரகோரியின் கொடை.

சுதந்திர இந்தியா இதை மாற்ற முயன்றது. மேக்நாத் சாஹா தலைமைக் குழுவின் யோசனைப்படி 1957 மார்ச் 22-ல், சைத்ரம் 1, 1879 என்று தேசிய சக காலண்டர் அமலுக்கு வந்தது. அரசிதழிலும் வானொலியிலும் இன்றும் சொல்கிறார்கள். அதே 1957-ல் திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு ஒரு பிரியாணிக் கடை திறந்தார், பின்னாளில் தலப்பாக்கட்டி. இரண்டில் எது ஜனங்களிடம் போய்ச் சேர்ந்தது என்று விளக்க வேண்டியதில்லை. தமிழக அரசு எழுபதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்த திருவள்ளுவர் ஆண்டு இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஆங்கில ஆண்டோடு 31-ஐக் கூட்டினால் போதும். எதிர்க்காமல் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆணியில் தொங்கும் அந்தத் தாள் அச்சாவது பெரும்பாலும் சிவகாசியில். அங்கே அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சு இயந்திரம் வேண்டும். இயந்திரம் வந்தபின் சும்மா நிற்கக் கூடாது. காலண்டர் பிறந்தது. அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தைச் சிவகாசி அச்சகத்தார் பூஜை போட்டு வெளியிடுவது ஆடிப்பெருக்கன்று. ஜனவரி ஒன்றுக்காகச் செய்யும் சரக்குக்கு ஆடி பதினெட்டில் நாள் பார்க்கிறார்கள்! அந்தோனியோ லிலியோ கோட்டைவிட்ட தொழிலைக் கையில் எடுத்தவர்கள் பல பேர். ஆனால் கிரகோரியையும் ராகுகாலத்தையும் ஒரே தாளில் உட்கார வைத்த சாமர்த்தியம் இவர்களுடையது.

மற்ற நாடுகள் தத்தம் வேகத்தில் வந்தன. ஜப்பான் 1873. ரஷ்யா 1918, அதனால்தான் அக்டோபர் புரட்சிக்கு நம் தோழர்கள் நவம்பர் 7-ல் கொடியேற்றுகிறார்கள். கிரீஸ் 1923. சவூதி அரேபியா 2016 அக்டோபரில் அரசு ஊழியர் சம்பளத்தை ஹிஜ்ரி மாதத்திலிருந்து கிரகோரியன் மாதத்துக்கு மாற்றியது. ஆண்டுக்கு ஏறத்தாழ பதினொரு நாள் சம்பளம் மிச்சம். 1582-ல் வாதம் இறையியல், 2016-ல் பட்ஜெட்.

அடுத்த சோதனை 2100-ல். அது நான்கால் வகுபடும், நானூறால் வகுபடாது. பிப்ரவரி 28-க்கு மறுநாள் மார்ச் 1. கலாப்ரியா மருத்துவரின் விதி 1900-க்குப் பிறகு முதல் தடவையாகத் தன் வேலையைக் காட்டும். அதன்பின் பொங்கல் ஜனவரி 16-ஐத் தொடத் தொடங்கும். சிவகாசிக்காரர்கள் அந்த ஆண்டு ஒரு தாள் குறைத்து அடிக்க வேண்டும்.